பத்து வாரத்துக்குள் ஒரு மூளைக் கேள்வி

பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் நரம்பறிவியலை, அதாவது மூளை, தண்டுவடம், நரம்புகள் ஆகியவற்றின் அமைப்பையும் செயற்பாட்டையும் ஆராயும் துறையை, இளங்கலைப் பாடமாக எடுத்துப் படிப்பவர்கள் இறுதி ஆண்டில் ஓர் ஆய்வைத் தாமே செய்து ஆய்வேடாக எழுதித் தர வேண்டும் என்பது ஏறத்தாழ எல்லா இடங்களிலும் நடைமுறையாக உள்ளது. இங்கிலாந்தில் மூன்றாம் ஆண்டிலும், ஹானர்ஸ் பட்டத்துக்கு நான்கு ஆண்டு படிக்கும் ஸ்காட்லாந்தில் நான்காம் ஆண்டிலும் வரும் இந்தப் பணிக்கு, ஓர் ஆண்டுக்குரிய 120 கிரெடிட்டுகளில் 30 அல்லது 40 ஒதுக்கப்படுவது வழக்கம் என்பதால், வேறு எந்தத் தனிப் பாடத்தைக் காட்டிலும் பட்டத்தின் வகுப்பை நிர்ணயிக்கும் வலிமை இதற்கே அதிகம். இவ்வளவு கனமான பணிக்குக் கிடைக்கும் காலமோ சிறியது. கேள்வியைத் தேர்ந்து, அனுமதி பெற்று, அளந்து, கணக்கிட்டு, எழுதி முடிக்க இரண்டு பருவங்கள் இருந்தாலும், ஆய்வுக்கூடத்தில் உண்மையாக வேலை நடப்பது பெரும்பாலும் பத்து வாரம் அளவுக்குத்தான்.

மூளையைப் பற்றி மாணவர்கள் கேட்க விரும்பும் கேள்விகள் இந்தப் பத்து வாரத்தை மதிப்பவை அல்ல. வீட்டில் ஒரு முதியவருக்கு மறதி நோய் வந்ததைப் பார்த்தோ, உணர்வுநிலை என்றால் என்ன என்று எங்கோ படித்தோ இத்துறைக்கு வந்தவர்கள், அந்தக் கேள்வியையே ஆய்வுத் தலைப்பாக வைத்துக்கொண்டு வழிகாட்டியின் அறைக்குள் நுழைகிறார்கள். நல்ல வழிகாட்டி முதலில் செய்யும் உதவி அந்தக் கேள்வியை வெட்டிச் சிறிதாக்குவது. அல்சைமர் நோயில் நினைவு ஏன் அழிகிறது என்று வந்த கேள்வி, அந்நோயில் மூளையில் படியும் அமைலாய்டு பீட்டா என்ற புரதத்தைத் தம் நரம்பு செல்களில் உண்டாக்கும்படி மரபணு மாற்றப்பட்ட பழ ஈக்கள், வயது ஏற ஏற, கண்ணாடிக் குழாயின் சுவரில் ஏறும் திறனை மற்ற ஈக்களைவிட விரைவில் இழக்கின்றனவா என்ற கேள்வியாகச் சுருங்கி வெளியே வருகிறது. ஈக்கள் இருக்கும் குழாயை மேசையில் மெல்லத் தட்டினால் எல்லா ஈக்களும் அடியில் விழும். விழுந்தவை இயல்பாகவே மேல்நோக்கி ஏறத் தொடங்கும். குறித்த சில நொடிகளுக்குள் சுவரில் வரைந்த கோட்டைத் தாண்டியவை எத்தனை என்று எண்ண வேண்டும். முதல் முறை இதைக் கேட்கும் மாணவருக்கு ஏமாற்றமாகவே இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கையை அதே நேரத்தில், அதே வெப்பநிலையில், எந்தக் குழாயில் எந்த ஈ உள்ளது என்று எண்ணுபவருக்கே தெரியாதபடி மறைத்து, நாள்தோறும் எடுப்பதற்கே பத்து வாரம் போதாமல் போகும் என்பது மூன்றாம் வாரத்தில் புரிந்துவிடும்.

மாணவப் பருவத்தில் செய்த வேலை துறையின் வரலாற்றில் இடம்பெற்றதும் உண்டு. 1876இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் புரூக்கேயின் உடலியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த மருத்துவ மாணவரான சிக்மண்ட் பிராய்ட், உளப்பகுப்பாய்வுக்கு வெகுகாலம் முன்னரே, லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனின் தண்டுவட நரம்பு செல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் மாணவராக இருந்த ஆலன் ஹாட்ஜ்கின் 1934இல் தவளையின் தொடை நரம்பைக் கொண்டு சோதனைகளைத் தொடங்கினார். நரம்பின் ஒரு பகுதியைக் குளிரூட்டியோ நசுக்கியோ அடைத்துவிட்டால், அந்த அடைப்பைக் கடக்க முடியாத தூண்டல்கூட அதற்கு அப்பால் உள்ள பகுதியை எளிதில் தூண்டத்தக்கதாக மாற்றுகிறது என்று கண்டு, நரம்புச் செய்தி மின்னோட்டமாகவே பரவுகிறது என்பதற்குச் சான்று தந்தார். நரம்புத் துடிப்பை விவரித்து ஆண்ட்ரூ ஹக்ஸ்லியோடு சேர்ந்து 1952இல் அவர் வெளியிட்ட சமன்பாடுகளும் 1963இல் பெற்ற நோபல் பரிசும் அந்தப் பாதையில்தான் பின்னர் வந்தன. சென்னையிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு: ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1970களின் தொடக்கத்தில், இரு கண்களும் சற்றே வேறுபட்ட படங்களைப் பார்க்கும்போது மூளை எவ்வாறு ஆழத்தை உணர்கிறது என்பது பற்றிய ஆய்வை இளம் வயதிலேயே ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். மூவரின் பின்னாளைய புகழை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மீன், தவளை, இரண்டு படங்கள் என்று கைக்கு எட்டிய பொருளையும் அதற்கேற்ற குறுகிய கேள்வியையும் எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரியும்.

எந்தப் பொருள் கைக்கு எட்டும் என்பதை இன்று பெருமளவு சட்டமே தீர்மானிக்கிறது. பிரிட்டனில் விலங்குகள் (அறிவியல் செய்முறைகள்) சட்டம் 1986இன்படி, முதுகெலும்புள்ள உயிரினங்களுக்கும் ஆக்டோபஸ் போன்ற தலைக்காலிகளுக்கும் வலியோ துன்பமோ உண்டாக்கக்கூடிய சோதனையைச் செய்ய, நிறுவனத்துக்கு ஓர் உரிமம், ஆய்வுத் திட்டத்துக்கு ஓர் உரிமம், செய்பவருக்கு ஓர் உரிமம் என மூன்று வேண்டும். ஒரு பருவத்துக்கு வரும் இளங்கலை மாணவருக்கு மூன்றாவதைப் பெற்றுத் தருவது அரிது. ஆகவே எலியின் மூளையில் வேலை செய்யும் மாணவருக்கு, உரிமம் பெற்றவர் ஏற்கெனவே எடுத்துப் பதப்படுத்திய மூளைத் துண்டுகளே கிடைக்கும். பழ ஈக்கும் சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. மாணவர் தாமே வளர்த்து, இனம் கலந்து, சோதிக்கலாம். அந்தப் புழுவின் இருபாலின வகையில் 302 நரம்பு செல்களே உள்ளன, அவற்றின் இணைப்பு வரைபடமும் 1986இலேயே வெளியாகிவிட்டது. பல்குச்சி முனையில் ஒட்டிய ஒற்றைப் புருவ மயிரால் புழுவின் தலைப்பக்கத்தை வருடினால் அது பின்வாங்கும், வால்பக்கத்தை வருடினால் முன்னேறும். இவ்வளவு மலிவான கருவியின் துணையோடுதான், தொடு உணர்வுக்கு எந்தெந்தச் செல்கள் பொறுப்பு என்பதை ஆய்வாளர்கள் முறைப்படி கண்டறிந்தார்கள்.

மூளைத் துண்டுகளை வைத்து வேலை செய்பவர்களுக்குக் காத்திருக்கும் பொறி ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருளை ஒளிரும் சாயத்துடன் இணைத்துத் துண்டுகளின் மேல் ஊற்றினால், அந்தப் புரதம் உள்ள செல்கள் மட்டும் நுண்ணோக்கியில் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும். மாணவர் நாள்கணக்கில் திரைமுன் அமர்ந்து அவற்றை எண்ணி, ஒவ்வொன்றின் அளவையும் குறித்து, மூன்று எலிகளிலிருந்து முந்நூறு செல்களை அளந்துவிட்டதாகக் கணக்குப் போடுகிறார். புள்ளியியலைப் பொறுத்தவரை அவரிடம் உள்ளவை முந்நூறு சான்றுகள் அல்ல, மூன்றுக்குச் சற்றே மேல். ஒரே எலியின் செல்கள் ஒரே மரபையும் ஒரே உணவையும் ஒரே நோயையும் பகிர்ந்துகொள்வதால் அவை ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணுவது ஒரே குடும்பத்தின் வாக்குமூலங்களை ஊர் முழுவதன் சாட்சியமாகக் கொள்வதற்கு ஒப்பாகும். போலி மறுபதிவு எனலாம் இதை. மாணவர்களின் ஆய்வேடுகளில் மட்டுமின்றி, மதிப்புமிக்க இதழ்களில் அச்சான கட்டுரைகளிலும் இது இடம்பெற்றிருக்கிறது என்பதை எடுத்துக்காட்டிய ஆய்வுகள் உள்ளன.

விலங்குகளைத் தொடாமல் மனித மூளையை அளக்க விரும்புபவர்களுக்கு ஈ.ஈ.ஜி. எளிய வழி. தலைத்தோலின் மேல் ஒட்டிய மின்முனைகள் வழியே மூளையின் மின் ஏற்ற இறக்கங்களைப் பதியும் இந்த முறையை ஹான்ஸ் பெர்கர் ஜெர்மனியின் ஜேனா நகரில் 1924இல் முதன்முதலாக மனிதரிடம் பயன்படுத்தி, 1929இல் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது தலையின் பின்புறத்தில் நொடிக்கு 8 முதல் 13 முறை எழுந்து விழும் ஆல்பா அலையை அவர் அப்போதே விவரித்தார். இன்றும் மாணவர்கள் கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க முதலில் செய்யச் சொல்வது அதைத்தான்: பங்கேற்பாளர் கண்ணை மூடினால் திரையில் அந்த அலை எழ வேண்டும், திறந்தால் அடங்க வேண்டும்.

இறுதி ஆண்டு மாணவர்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் ஈ.ஈ.ஜி. சோதனையை ‘மாறுபட்ட ஒலி’ச் சோதனை எனலாம். காதில் ஒரே சுருதியில் ஒலிகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். இடையிடையே, ஐந்தில் ஒன்று போல, உயர்ந்த சுருதியில் ஓர் ஒலி வரும். பங்கேற்பாளர் அந்த அரிய ஒலியை மட்டும் மனத்துக்குள் எண்ண வேண்டும். அரிய ஒலி வந்து ஏறத்தாழ 300 மில்லிநொடி கழித்து, உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னே உள்ள மின்முனைகளில் நேர்மறையான ஒரு மேடு எழும். சாமுவேல் சட்டனும் உடன் பணியாற்றியவர்களும் 1965இல் வெளியிட்ட இந்த மேட்டுக்கு பி300 என்று பெயர். கவனம், வயது, தூக்கமின்மை எனப் பலவற்றாலும் இதன் உயரமும் தாமதமும் மாறும் என்பதால், சிறிய கேள்விகளுக்கு இது நன்றாக இடம் கொடுக்கிறது.

காகிதத்தில் எளிதாகத் தெரியும் இந்தச் சோதனை, தலையில் தொப்பியை மாட்டியதுமே கடினமாகிவிடுகிறது. பி300 மேட்டின் உயரம் பொதுவாக 5 முதல் 20 மைக்ரோவோல்ட், அதாவது வோல்ட்டின் பத்து லட்சத்தில் 5 முதல் 20 பங்கு. ஒரு கண் சிமிட்டல் நூறு மைக்ரோவோல்ட்டுக்கும் மேற்பட்ட அலையை நெற்றிப் பக்கத்தில் எழுப்பும். பல்லைக் கடித்தால் திரை முழுவதும் கருத்துவிடும். சுவரில் ஓடும் மின்கம்பிகள் 50 ஹெர்ட்ஸில் விடாமல் முனகும். மூளையின் இயல்பான அலைவே ஒற்றை ஒலிக்கு எழும் மேட்டை மறைத்துவிடும். ஆகவே ஒரே ஒலியைப் பல முறை கேட்கச் செய்து, ஒலி வந்த கணத்தை ஒன்றாக வைத்து எல்லாப் பதிவுகளையும் சராசரி எடுக்கிறார்கள். ஒலியோடு தொடர்பில்லாத ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று தள்ளுபடி செய்துகொள்ள, தொடர்புள்ள மேடு மட்டும் மிஞ்சுகிறது. தொடர்பில்லாத அலைவு பதிவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கே குறையும் என்பதுதான் இங்கே கசப்பான கணக்கு: அதை நான்கில் ஒன்றாக்க 16 முறை, எட்டில் ஒன்றாக்க 64 முறை கேட்கச் செய்ய வேண்டும். ஐந்தில் ஒன்றாக வரும் ஒலி 64 முறை வர, மொத்தம் 320 ஒலிகள் வேண்டும். பங்கேற்பாளர் அதற்குள் சலித்துவிடுவார். சலித்தவரின் பி300 சிறுத்துவிடும்.

மின்முனைக்கும் தோலுக்கும் இடையே மின்தடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக, உப்புக் கலந்த கூழை ஒவ்வொரு மின்முனையின் துளை வழியாகவும் மழுங்கிய ஊசியால் செலுத்தி, மயிரை விலக்கி, தோலை லேசாக உரசிவிடுகிறார்கள். 32 மின்முனைக்கு இதற்கே அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். எண்ணெய் தேய்த்த தலையோடு வந்தால் அந்த அரை மணி நேரமும் வீண் என்பதால், தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வரும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று நெடுநாள் கவனிக்கப்படாமலே இருந்தது. அடர்ந்து சுருண்ட ஆப்பிரிக்க வகை மயிரின்மேல் வழக்கமான தொப்பி படியாது. அத்தகைய பங்கேற்பாளர்களின் பதிவுகள் மோசமாக வந்து கழிக்கப்பட்டன, அல்லது அவர்கள் அழைக்கப்படவே இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவியாக இருந்த ஆர்னெல் எட்டியென், தலைத்தோலை ஒட்டிப் பின்னும் கார்ன்ரோ பின்னல்களுக்கு இடையே தெரியும் தோலில் மின்முனையைப் பின்னலே அழுத்திப் பிடிக்கும்படியான ஒரு கவ்வியைத் தம் குழுவினரோடு வடிவமைத்து, 2020இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். மின்முனைகளுக்கான 10-20 என்ற உலகளாவிய இட ஒழுங்குக்கு ஏற்பவே பின்னலை அமைக்க வேண்டும் என்பது அதில் உள்ள நுட்பம். மயிரைப் பின்னத் தெரிந்தவர் ஒருவர் ஆய்வுக்கூடத்துக்குள் வந்த பிறகே இந்தச் சிக்கலுக்கு வழி பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இத்தனை பாடுபட்டுப் பதிந்தாலும், ஒரு பருவத்தில் ஒரு மாணவர் இருபது முப்பது பேருக்கு மேல் சேர்ப்பது கடினம். தூக்கம் கெட்டவர்கள் இருபது பேர், நன்றாகத் தூங்கியவர்கள் இருபது பேர் என இரண்டு குழுக்களை ஒப்பிடுவதாக வைத்துக்கொண்டால், அவர்களுக்கிடையே உண்மையிலேயே நடுத்தர அளவு வேறுபாடு, அதாவது குழுவுக்குள் உள்ள பரவலின் பாதி அளவு வேறுபாடு, இருக்குமானால்கூட, வழக்கமான புள்ளியியல் சோதனை அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். அந்த வாய்ப்புக்குப் புள்ளியியலில் திறன் என்று பெயர். ஐந்தில் நான்கு என்ற, பொதுவாக ஏற்கப்படும் திறனை எட்ட, குழுவுக்கு 64 பேர் தேவை. ஆகவே, எந்தத் தவறும் செய்யாத ஒரு மாணவரின் ஆய்வு வேறுபாடு எதையும் காணாமல் முடிவது இயற்கை. அதிலிருந்து வேறுபாடு இல்லை என்ற முடிவுக்கும் வர இயலாது. மறுபுறம், அவ்வளவு சிறிய ஆய்வு வேறுபாட்டைக் கண்டுவிட்டதாக அறிவித்தால், தற்செயலாகப் பெரிதாக வந்த அளவுகளே புள்ளியியல் சோதனையின் வாசலைத் தாண்டியிருக்கும் என்பதால், உண்மையைவிட மிகைப்பட்ட அளவையே அது சொல்லும்.

இது மாணவர்களின் குறை மட்டும் அன்று. பிரிட்டனைச் சேர்ந்த கேத்தரின் பட்டனும் மார்கஸ் முனாஃபோவும் மற்றவர்களும் 2013இல் ‘நேச்சர் ரிவ்யூஸ் நியூரோசயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, 49 தொகுப்பாய்வுகளுக்குள் அடங்கிய 730 நரம்பறிவியல் ஆய்வுகளை எடுத்துக் கணக்கிட்டு, அவற்றின் திறனின் நடுமதிப்பு 21 விழுக்காடுதான் என்று காட்டியது. மூளையின் கன அளவை ஒப்பிடும் படிம ஆய்வுகளில் அது 8 விழுக்காடாகவும், எலிகளின் புதிர்ப்பாதைச் சோதனைகளில் வகைக்கேற்ப 18, 31 விழுக்காடுகளாகவும் இருந்தது. அதாவது, மூத்த ஆராய்ச்சியாளர்களும் இறுதி ஆண்டு மாணவரின் அளவிலேயே சோதனைகளை நடத்திக்கொண்டு, அவற்றின் முடிவுகளை உறுதியான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பட்டன் இதன் பிறகு கவனம் செலுத்திய இடம் இளங்கலை ஆய்வேடு. ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தனித்தனியே சிறு சோதனை செய்து, யாருக்கும் பயன்படாத தரவைச் சேர்த்து, எப்படியாவது ஒரு விளைவைக் காட்டும் பழக்கத்தையும் அதோடு சேர்த்துக் கற்றுக்கொண்டு போகிறார்கள் என்பது அவர் எழுப்பிய குற்றச்சாட்டு. பாத், பிரிஸ்டல், கார்டிஃப், எக்சிட்டர் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களின் உளவியல் மாணவர்கள் ஒரே கேள்வியை ஒன்றாகத் திட்டமிட்டு, ஒரே செய்முறையை அவரவர் இடத்தில் பின்பற்றி, தரவைச் சேர்த்துப் பகுப்பாய்ந்து, ஆய்வேட்டை மட்டும் ஒவ்வொருவரும் தனியே எழுதும் கூட்டமைப்பு ஒன்றை முனாஃபோ, கிறிஸ் சேம்பர்ஸ், நடாலியா லாரன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கி, அந்த அனுபவத்தை 2020இல் வெளியிட்டார். தரவைச் சேர்க்கும் முன்பே கருதுகோளையும், எத்தனை பேர், எந்தச் சோதனை என்ற திட்டத்தையும் பொதுத்தளத்தில் தேதியிட்டுப் பதிந்துவிட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. முன்பதிவு எனப்படும் இந்த ஏற்பாட்டால், முடிவைப் பார்த்த பிறகு கேள்வியை மாற்றிக்கொள்ளும் வசதி போய்விடுகிறது. தனி மாணவரின் தனித் திறமையை அளக்கவே இறுதி ஆய்வு இருக்கிறது என்று கருதும் ஆசிரியர்களுக்கு இந்தக் கூட்டு முறை உவப்பாக இராது. ஆனால் அறிவியல் இன்று பெரும்பாலும் கூட்டாகவே நடக்கிறது என்ற நிலையில், அந்த எதிர்ப்புக்கு வலு குறைவு என்றே சொல்ல வேண்டும்.

காந்தப் படிமக் கருவியில் மூளையைப் பார்க்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் மாணவர்களை இன்னும் வலுவாக ஈர்க்கின்றன. வண்ணப் படங்களுக்கு அந்தச் சக்தி உண்டு. செல்களின் செயற்பாட்டைத் தொடர்ந்து மாறும் இரத்த ஓட்டத்தை இக்கருவி அளக்கிறதே தவிர, செல்களின் மின் செயலை நேரடியாக அளப்பதில்லை. மூளையைப் பல்லாயிரம் சிறு கனசதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியே சோதனை செய்வதால், அவற்றில் சில தற்செயலாகவே ‘செயற்பட்டதாக’ ஒளிரும். இதைக் காட்ட கிரெய்க் பென்னெட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் இறந்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனிதர்கள் பழகும் காட்சிகளின் படங்களை அதற்குக் காட்டி, திருத்தம் எதுவும் செய்யாத புள்ளியியலின்படி அதன் மூளையில் செயற்பாடு தென்பட்டதாக 2009இல் அறிவித்தனர். 2012இல் அதற்கு, நகைச்சுவையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக்நோபல் பரிசு கிடைத்தது. வேடிக்கையாகச் சொல்லப்பட்டாலும், இளங்கலை வகுப்பில் பல்லாயிரம் ஒப்பீடுகளுக்கான திருத்தத்தைப் பற்றி இதைவிட நன்றாகப் பதியும் பாடம் இல்லை. கடினமான பாடம் 2020இல் வந்தது: 108 பேரின் ஒரே எஃப்.எம்.ஆர்.ஐ. தரவையும் ஒன்பது கருதுகோள்களையும் எழுபது ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தபோது, எந்த இரண்டு குழுக்களும் ஒரே வழியில் பகுப்பாயவில்லை, பல கருதுகோள்களில் அவர்களின் விடைகளும் ஒத்துப்போகவில்லை.

தரவையே புதிதாகச் சேர்க்காமல் செய்யும் ஆய்வுகள் 2020இன் கொரோனா முடக்கத்துக்குப் பிறகு பெருகின. ஆய்வுக்கூடங்கள் பூட்டியிருந்த காலத்தில் வேறு வழியில்லாமல் இதற்குத் திரும்பிய பல துறைகள் இதைக் கைவிடவில்லை. வளர்ந்த பழ ஈயின் மூளையில் உள்ள 1,39,255 நரம்பு செல்களையும் அவற்றுக்கிடையேயான ஐந்து கோடிக்கும் மேற்பட்ட சினாப்ஸ்களையும், அதாவது ஒரு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்தும் இணைப்புகளையும், காட்டும் ஃபிளைவயர் வரைபடம் 2024 அக்டோபரில் வெளியாகி, எவரும் திறந்து பார்க்கக் கிடைக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் அதே ஆண்டு டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில், வளரும் மனிதக் கருவின் மூளையை 5,132 வெட்டுத் துண்டுகளின் நுண்படங்களாக உலகுக்கே திறந்துவிட்டது. உயர்தர நுண்ணோக்கியைக் கண்ணாலும் பார்த்திராத ஊரிலிருந்தும் இன்று ஒரு மாணவர் இவற்றில் கேள்வி கேட்கலாம். கணினி மட்டும் இருந்தால், ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் தந்த நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பைத்தான் மொழியில் எழுதி, நரம்பு செல்லின் சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் வாயில்கள் திறக்கும் வேகத்தைச் சற்றே மாற்றினால் நரம்புத் துடிப்பு எப்போது எழாமல் போகிறது என்று பார்க்கலாம். அன்று ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் கணிப்பானில் வாரக்கணக்கில் செய்த கணக்கு, மடிக்கணினியில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. கணக்கு எளிதாகிவிட்டதால் சிந்தனையும் எளிதாகிவிட்டது என்று நினைப்பவர்கள்தான் இதில் தடுக்கி விழுகிறார்கள். ஆயத்தத் தரவில் தோன்றிய ஒவ்வோர் எண்ணத்தையும் சோதித்துப் பார்க்க ஒரு பிற்பகல் போதும் என்பதால், சோதித்த இருபதில் பலித்த ஒன்றை மட்டும் எழுதும் ஆசை இங்கேதான் மிக வலுவானது.

மனிதரை வைத்துச் செய்யும் எதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பி வந்தால் மூன்று வாரம் போய்விடும் என்பதால், கோடை விடுமுறையிலேயே எழுதத் தொடங்குபவர்கள் பிழைக்கிறார்கள். பங்கேற்பாளர்கள் பெரும்பாலும் அதே வளாகத்தின் மாணவர்கள். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருப்பதை, அறைத் தோழனின் ஆய்வுக்காக வந்து உட்கார்ந்திருப்பவரால் நடைமுறையில் பயன்படுத்த முடியுமா என்பதை நெறிமுறைக் குழுக்கள் இன்னும் சற்று அழுத்தமாகக் கேட்கலாம்.

பேராசிரியர் பெயரளவில் வழிகாட்டியாக இருந்தாலும், நாள்தோறும் உடனிருந்து கற்றுக்கொடுப்பவர் பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வாளரோ, பட்டம் முடித்துப் பணியாற்றுபவரோதான். மாணவரின் பத்து வாரத்தில் முதல் மூன்று வாரம் கற்றுக்கொடுப்பவருக்கு நட்டம் என்பதையும், பிந்தைய ஏழு வாரத்தில் அது சில நேரம் ஈடாகிறது, சில நேரம் ஈடாவதில்லை என்பதையும் ஆய்வுக்கூடங்களில் வெளிப்படையாகவே பேசிக்கொள்கிறார்கள். பேராசிரியரின் புகழைப் பார்த்துத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட, அந்த அறையில் தினமும் யார் இருப்பார் என்று விசாரித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டு இளங்கலைக் கட்டமைப்பு, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் 12 கிரெடிட் ஆய்வுத் திட்டத்தை எடுத்து ‘ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ்’ பட்டம் பெறலாம் என்கிறது. நம் கல்லூரிகளில் இறுதிப் பருவ புராஜெக்ட் புதியதன்று. கைடு கையெழுத்திட்ட பைண்டிங் ஏட்டை வைவா நாளில் மேசையில் அடுக்கும் காட்சி எல்லாருக்கும் பழக்கமானது. அந்த ஏடுகளில் எதிர்பார்த்தபடி விளைவு கிடைக்கவில்லை என்று எழுதியவை எத்தனை இருக்கும் என்று பார்த்தால், பிரிட்டனில் பட்டன் கண்ட சிக்கல் இங்கேயும் வந்துவிட்டதா என்பது தெரியும்.

விளைவு கிடைக்காத ஆய்வேட்டையும் நேர்மையாக மதிப்பிடுவதற்கு வழிகள் உண்டு. பி300 மேட்டின் உயரத்தில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று முடித்த மாணவரிடம், எவ்வளவு பெரிய வேறுபாட்டை உங்கள் ஆய்வு தவறவிட்டிருக்க முடியாது என்று தேர்வாளர் கேட்கலாம். நம்பக இடைவெளியை, அதாவது உண்மை மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் கணக்கை, வரைந்து காட்டத் தெரிந்த மாணவருக்கு அது இனிய கேள்வி, பி-மதிப்பு, அதாவது உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு, 0.05ஐத் தாண்டிவிட்டது என்று மட்டும் எழுதியிருப்பவருக்கு அந்தக் கேள்வியே புரியாது. எத்தனை பங்கேற்பாளர்களின் பதிவுகளை எந்தக் காரணத்துக்காக நீக்கினீர்கள், அந்த முடிவை விளைவைப் பார்ப்பதற்கு முன்பு எடுத்தீர்களா பின்பு எடுத்தீர்களா என்பது அடுத்த கேள்வியாக வரும். முன்பதிவு செய்திருந்தால் தேதியோடு காட்டலாம். செய்யவில்லை என்றால் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைப் புரட்ட வேண்டியிருக்கும். அதில் அந்த நாளின் பக்கத்தில் மின்தடை எவ்வளவு, பங்கேற்பாளர் எத்தனை மணிக்கு வந்தார், எந்த மின்முனை இடையில் கழன்றது என்றெல்லாம் எழுதியிருந்தால், கேட்டவர் அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றும் இராது.